பெருமரத்துக்காகக் காத்திருக்காதே

"எங்கட ஊரில என்ன கிடக்கு?" கீரிமலையிலும் மாவிட்டபுரத்திலும் காங்கேசன்துறையிலும் இருபது வயதுப் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கேட்கிற பிள்ளையின் மேல் கோபமில்லை. இந்தக் கேள்வியை அந்த வாயில் ஏற்றிவிட்டுப் போன காலத்தின் மேல்தான் கோபம். தம்பி, தங்கச்சி, இருந்து கேளுங்கள். பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது ஒரு துவக்குச் சோங்கிலிருந்து தொடங்குகிறது.

1930களில் ஜேர்மனியின் மௌசர் 98கே துவக்குக்குச் சோங்கை, அதாவது அதன் மரப் பிடியை, வால்நட் மரத்தில்தான் செய்தார்கள். வால்நட் நல்ல மரம். ஆனால் சோங்குக்கு வேண்டிய கட்டையை அறுத்து அடுக்கி நெடுங்காலம் உலரவிட வேண்டும். உலர்ந்து, பாதிக்கு மேல் செதுக்கிய பிறகு உள்ளே ஒரு கணு வெளிப்பட்டால் கட்டை அடுப்புக்குத்தான். எல்லாம் சரியாக அமைந்தாலும் மழை வந்ததும் மரம் ஈரம் குடித்து முறுகும். முறுகிய சோங்கு இரும்புக் குழாயை மயிரிழை தள்ளினாலே குறி விலகிவிடும். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அவர்கள் வேறு வழிக்கு வந்தார்கள். மலிவான பீச் மரத்தை மெல்லிய தாள்தாளாக எடுத்து, பசை தடவி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி ஒரே கட்டையாக்கினார்கள். ஒரு தாளில் இருந்த கணு அந்தத் தாளோடு நின்றது. ஒரு தாள் முறுகப் பார்த்தால் பக்கத்துத் தாள் இழுத்துப் பிடித்தது. பாரம் கொஞ்சம் கூடியது, ஆனால் கட்டை அசையவில்லை. இன்றைக்கும் பனியிலும் மழையிலும் வேட்டைக்குப் போகிறவர்களும் இலக்குச் சுடும் போட்டிக்காரரும், பேர்ச் மரத்தின் ஒன்றரை மில்லிமீற்றர்த் தாள்களை அடுக்கி ஒட்டிய சோங்குகளை நம்பி வாங்குகிறார்கள்.

இது ஜேர்மன்காரரின் புத்தியில் முதலில் உதித்ததுமில்லை. எகிப்தில் சக்காராவின் படிப் பிரமிட்டில் ஆறு அடுக்குப் பலகையால் செய்த சவப்பெட்டி ஒன்றின் துண்டு கிடைத்திருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் அது. நார் ஓட்டம் மாறிமாறி வரும்படி மெல்லிய பலகைகளை அடுக்கி, மர ஆணி அடித்துப் பிணைத்திருக்கிறார்கள். எகிப்து காடு இல்லாத நாடு. நல்ல மரம் கப்பலில் வர வேண்டிய நாடு. பெருமரம் கொட்டிக் கிடந்தவனுக்கு இந்த யோசனை தேவைப்பட்டிருக்காது. கையில் துண்டுதான் இருக்கிறது என்று கண்டவன், அந்தத் துண்டைக்கொண்டே பெருமரத்தை வென்றான்.

கீரிமலையில் நின்றுகொண்டு துவக்கைப் பற்றி ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். துவக்கு இந்த மண்ணில் செய்தது போதும். அதைக் கையில் எடு என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரத்தை மழையிலிருந்தும் வியர்வையிலிருந்தும் காப்பாற்றிய அறிவு இருக்கிறதே, அது யாருடைய சொத்தும் இல்லை. அதை நாம் எடுத்துக்கொள்வோம். சோங்கைக் காக்கத் தெரிந்த கைக்குக் கதவைக் காக்கத் தெரியும், வள்ளத்தைக் காக்கத் தெரியும், கோயில் வாகனத்தைக் காக்கத் தெரியும். கீரிமலைக்கு இன்றைக்கு அந்தக் கை வேண்டும்.

எங்கள் ஊரை எண்ணிப் பாருங்கள். கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியே ஊற்று நீர், அந்தப் பக்கம் உப்புக் கடல். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிற சனம் ஒரே இடத்தில் இரண்டையும் பார்த்துவிட்டுப் போகும். சனம் போய்விடும், காற்று போகாது. சோளகம் தெற்கிலிருந்து அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். வாடை தொடங்கினால் வடகடல் நேரே ஊருக்குள் மூச்சுவிடும். அந்த மூச்சில் இருக்கிற உப்பு, கதவில், யன்னலில், கட்டிலில், வண்டிச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படியும். உப்புக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. மழை பெய்யாத இரவிலும் அது காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி மரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். இரும்பு ஆணி அதற்குள் துருப்பிடிக்கும். துரு மரத்தின் சாயத்தோடு கலந்து ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் போடும். அந்த வளையத்தைக் கண்டால் அங்கே மரம் பலமிழக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்.

இந்த ஊரில் எது ஒரே தடவையில் நிலைத்தது? நகுலேஸ்வரக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். ஆறுமுக நாவலர் எழுப்பிய குரலால் மீண்டும் எழும்பி 1894 இல் குடமுழுக்குக் கண்டது. 1918 இல் நெருப்பு. மறுபடி கட்டினார்கள். 1990 இல் குண்டு விழுந்தது, ஊரே எழும்பி ஓடியது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் இரண்டு தலைமுறை தன் வளவைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்க முடியாமல் இருந்தது. 2012 இல் மறுபடி குடமுழுக்கு. இப்படி எழும்பி எழும்பி வந்த ஊரின் பிள்ளை நீ. உன்னிடம் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறாயா?

திரும்பி வந்தவர்கள் கண்டது சுவரை. கூரை இல்லை, தீராந்தி இல்லை, கதவும் நிலையும் இல்லை. பேரனார் காலத்து முதிரைக் கதவுக்கு இன்றைக்கு எவ்வளவு காசு வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. கடன் எடுத்து, வீட்டுத் திட்டக் காசைப் பிரித்து, ஒட்டுப்பலகைக் கதவை வாங்கி மாட்டினார்கள். அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. எங்கள் வீட்டுக்கு வாங்கிய குளியலறைக் கதவு ஒன்று ஒரு மாரி முடிவதற்குள் அடியில் விரிந்துவிட்டது. விற்ற கடைக்காரர், "இந்த ஊர் உப்புக்கு ஒட்டுப்பலகை நிக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டு ஊர் முழுக்க அப்படியே நம்பிவிட்டது. உப்பு, விதி, கடலோரம். எவ்வளவு வசதியான காரணங்கள்!

கதவைக் கழற்றிப் புரட்டிப் போட்டுப் பார்த்தேன். முகம் இரண்டும் வழுவழுவென்று பெயின்ற். பக்க விளிம்பிலும் பெயின்ற். அடிவிளிம்பில் ஒரு துளி இல்லை. தொழிற்சாலையில் வாள் பட்ட இடம் அப்படியே வெறுமையாக, வெளிறிப் போய், தாள்கள் புத்தகப் பக்கம்போல் ஒவ்வொன்றாக விலகி, ஒவ்வொரு இடுக்கிலும் கறுப்புப் பூஞ்சணம். விரல் நகத்தை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. பூட்டுக்காகத் துளைத்த குழியும் வெறும் மரம். பிணைச்சல் இறக்கிய பள்ளமும் வெறும் மரம். நிலத்தைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் அந்த அடிவிளிம்பில்தான் தொட்டது. நார் ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டுப்பட்ட முனை, பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். கண் போகாத இடத்துக்குக் கையும் போகவில்லை. கடலில் குற்றமில்லை, ஒட்டுப்பலகையிலும் குற்றமில்லை.

அடுக்குச் சோங்கைப் பேணுகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். வெளியே மினுங்குகிற பகுதிக்கு ஆபத்து குறைவு. இரும்பு உட்காருகிற பள்ளம், திருகாணித் துளைகள், தோளில் படுகிற அடித்தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் வெட்டுமுனை, இவைதான் ஈரம் நுழைகிற வாசல்கள். திருகாணியைக் கழற்றி, இரும்பை எடுத்துவிட்டு, அந்த வாசல்களை மெல்லிய பூச்சால் அடைத்தால் சோங்கு பிழைக்கும். சோங்கின் வாசலும் கதவின் வாசலும் ஒன்றே. வள்ளத்தின் பக்கப் பலகைக்கும் ஊர்ச் சங்கத்தின் கரம் பலகைக்கும் அப்படித்தான். ஒன்றைக் கற்றால் எல்லாம் உன் கைக்கு வரும்.

அப்படியானால் இறங்கு. முதலில் உப்பைப் போக்கு. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடை, வாளியைத் தூக்கி ஊற்றாதே. பிறகு காய விடு. நேர் வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும். நிழலில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு கட்டையின் மேல் வை. பொறுமை இல்லாதவன் தோற்கிற இடம் இதுதான். ஈர மரத்தின் மேல் பெயின்ற் அடித்தவன் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தவன், அதற்குப் பிறகு அந்த மரம் உள்ளிருந்தே உக்கும். ஒரு கிழமை காய வேண்டும் என்றால் ஒரு கிழமை காய விடு. "எப்ப முடியும்?" என்று வீட்டுக்காரர் நச்சரிப்பார். "காய்ந்த பிறகு" என்று தலை நிமிர்ந்து சொல். அந்த ஒரு சொல்லைத் துணிந்து சொல்லும்போதே நீ பாதித் தொழில்காரன்.

விலகிய தாள்களை வெட்டி எறியாதே. இடுக்கில் இருக்கிற பூஞ்சணத்தைச் சுரண்டி எடு. நீர் தாங்குகிற பசையை, எபொக்சி கிடைத்தால் எபொக்சியை, மெல்லிய தகட்டால் உள்ளே தள்ளு. இரண்டு பக்கமும் பலகைத் துண்டு வைத்துக் கிடுக்கியால் இறுக்கு. பிதுங்கி வருகிற பசையை உடனே துடை. காய்ந்ததும் அரத்தாளை நார் ஓடுகிற திசையில் மட்டும் தேய். முகப்புத் தாள் கடதாசி போல மெல்லியது, பலம் காட்டப் போனால் பசை தெரியும்.

பூச்சுக்கு வருவோம். முதல் பூச்சைத் தின்னர் கலந்து நீர்க்கக் கரை, அது உள்ளே இறங்க வேண்டும். வெட்டுமுனைக்கு அது போதாது. முனை குடிக்கும், மறுபடி கொடு. மறுபடி குடிக்கும், மறுபடி கொடு. குடிப்பதை நிறுத்தும்வரை கொடு. பிறகுதான் முகத்துக்குப் போ. தடிப்பாக ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். அப்படி அடித்தது மேலே தோலாகக் காய்ந்து, உள்ளே பச்சையாக நின்று, முதல் வெயிலில் வெடிக்கும். மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்தது. இரும்பு ஆணி, இரும்புத் திருகாணி வேண்டாம். பித்தளை அல்லது துருவேறா உருக்கு. கூடக் கொடுக்கிற காசு மரத்தின் ஆயுளாகத் திரும்பி வரும் என்று வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்து.

எண்ணெய் பூசுவது பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெயைப் பூசி மினுக்கிவிட்டு, மரத்தைக் காத்துவிட்டதாக நினைக்கிறவர்கள் ஏராளம். தேங்காய் எண்ணெய் காயாது. தூசியைப் பிடித்து வைத்துச் சிக்கடித்துப் போகும். ஆளிவிதை எண்ணெய் காற்றைத் தின்று தானே இறுகுகிற எண்ணெய். பிரித்தானியரின் லீ என்ஃபீல்ட் துவக்குகளின் வால்நட் சோங்குகளுக்கு அதைத்தான் ஊட்டினார்கள். ஆனால் பிசின் ஏறிய அடுக்கு மரம் அதை அவ்வளவாகக் குடிக்காது. மெல்லத் தேய்த்து, கால் மணி விட்டு, மிச்சத்தை முழுதாகத் துடைத்துவிட வேண்டும். ஏற்கெனவே வார்னிஷ் இருக்கிற மரத்தின் மேல் எந்த எண்ணெயும் வீண். இன்னொன்றையும் காதில் போட்டுக்கொள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வை. இதைத் தெரியாமல் ஒரு பிள்ளையும் அந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது.

"இதெல்லாம் எங்களுக்குப் புதுசு" என்கிறாயா? புதுசே இல்லை! இந்த வடகரை முழுக்க ஓடாவிமார் கைபட்ட கரை. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசிக் கலப்பத்து அடித்தவர்களின் கரை. சுறா எண்ணெய் பூசிக் கடலுக்கு அனுப்பிய வள்ளங்களின் கரை. இங்கிருந்து கிழக்கே வல்வெட்டித்துறையில் 1930 இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எங்கள் முற்றத்து வேப்பமரம் கொண்டு கட்டியது. வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அத்திலாந்திக்கின் உப்பைத் தாங்கியது எங்கள் வேம்பும் எங்கள் ஆட்களின் கலப்பத்தும். அந்த அறிவின் வாரிசு, குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று கையைப் பிசைவதா?

உலகம் பெரிதென்று கை நடுங்காதே, பெரியவர்களும் இதே இடத்தில்தான் விழுந்து எழும்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிட்டோ விமானம் ஒட்டுப்பலகை விமானம். பேர்ச் தாள்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டிய உடல். 1940 நவம்பரில் முதலில் பறந்தது, மிக வேகமான விமானங்களுள் ஒன்றாகப் பெயரெடுத்தது. 1944 இல் இந்தியாவில் நின்ற மொஸ்கிட்டோக்களின் சிறகுகளில் ஒட்டு விட்டுப்போய் விபத்துகள் நடந்தன. எங்களைப் போல வெயிலும் ஈரமும் மாறிமாறி அடிக்கிற நாடு. மரம் இந்தக் காலநிலைக்கு ஆகாது என்று அவர்களும் மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பிரித்துப் பார்த்தார்கள். பால் புரதத்திலிருந்து செய்த பழைய பசைக்கு ஈரமும் பூஞ்சணமும் ஆகாது என்பதும், ஒட்டிய வேலையிலேயே குறை இருந்ததும் வெளிப்பட்டன. பசை மாறியது, வேலை திருந்தியது, விமானம் தொடர்ந்து பறந்தது. கழற்றிப் பார்க்கத் துணிந்தவனுக்கு விடை கிடைத்தது. நீயும் கழற்று.

வெளிநாடு போகாதே என்று நான் சொல்லவில்லை. போகிற பிள்ளை போகட்டும். ஆனால் ஒன்றும் தெரியாதவன் என்ற நினைப்போடு போகாதே, இங்கே இருக்கிறவனும் அந்த நினைப்போடு இருக்காதே. மேடையில் ஏறி "என்னால் முடியும்" என்று நூறு தரம் கத்துகிற பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. கத்தி முடிந்ததும் அந்தச் சூடு இறங்கிவிடும். உக்கிப் போன ஒரு கதவை உன் கையால் மீட்டு, அது அடுத்த மாரியில் ஒட்டாமல் சாத்துப்பட்டுத் திறந்ததைக் கண்டால், அந்தச் சூடு இறங்காது. தங்கச்சி, இது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கான வேலை என்று யாராவது சொன்னால் கிடுக்கியை நீயே திருகி இறுக்கிக் காட்டு. பசைக்கு ஆண் பெண் தெரியாது.

ஆவணியும் புரட்டாதியும் உனக்குக் கிடைத்த மாதங்கள். மழை ஐப்பசியில் வந்துவிடும். அதற்குள் உன் ஒழுங்கையில் இருக்கிற பத்து வீட்டுக் கதவையாவது அடிவிளிம்பு பார்த்துவிடு. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை நிலத்தில் வைத்துச் சரித்தால் கதவைக் கழற்றாமலே அடி தெரியும். பெயின்ற் இல்லாததைக் காட்டு, வீட்டுக்காரரே அதிர்ந்து போவார். கடற்கரையில் தார்ப்பாய்க்குள் மூச்சடைத்துக் கிடக்கிற மர வள்ளம் இருந்தால், பாயைத் தூக்கிக் காற்றுப் போக வழி விடச் சொல். மூடி வைத்த ஈரம் கடலைவிடக் கொடியது. கூலியை வாய்க்குள் மென்று விழுங்காதே. பொருளுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடு. கதவின் உட்பக்கம், பிணைச்சலுக்கு அருகில், பூசிய திகதியைப் பென்சிலால் குறித்துவிடு. தை பிறந்ததும் கூப்பிடாமலே அந்த வீட்டுப் படலையைத் திறந்து, "அம்மா, கதவைப் பாக்க வந்தனான்" என்று சொல்லி உள்ளே போய், குனிந்து, அடிவிளிம்பில் விரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்.